பெட்டி மேல் 16 கிலோ ஓம்: ஏமாற்றம் தந்த மாற்று ஹம்பக்கர் ஜோடி

கோயமுத்தூரில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், மீட்டரில் ஓம் (மின்தடையின் அளவு) கூடக் காட்டினால் மோட்டார் கூடத் தண்ணீர் இறைக்குமா என்று. கம்பி மெலிந்தாலே ஓம் ஏறிவிடுமே என்பார். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பும் காந்தத்தின் மேல் சுற்றிய செப்புக் கம்பிதான். ஆனால் விற்பவர்கள் பெட்டி மேல் பெரிதாகப் போடுவது அந்த ஓம் கணக்கைத்தான். ஆன்லைனில் சுமார் 3,500 ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த ஹம்பக்கர் (ஹம் இரைச்சலை அடக்க இரண்டு காயில், அதாவது கம்பிச் சுருள், சேர்த்த பிக்கப்) ஜோடியும் அப்படித்தான்: பிரிட்ஜ் (தந்தி கட்டும் முனைப் பக்கம்) 16 கிலோ ஓம், நெக் (கழுத்துப் பக்கம்) 9 கிலோ ஓம், அல்னிகோ 5 காந்தம், மெழுகில் ஊறவைத்தது, 4 கம்பி இணைப்பு.

மீட்டர் வைத்தால் பிரிட்ஜ் 15.6, நெக் 8.8 காட்டுகிறது. அந்த மட்டில் பொய்யில்லை. (ஈரோட்டு மே மாத வெயிலில் அளந்தால் இன்னும் கூடும். செப்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும்; 20 டிகிரியில் 8 காட்டுவது 40 டிகிரியில் 8.6 காட்டும். இரண்டு பிக்கப்பை ஒப்பிடுவதானால் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.) ஆனால் அந்த 16-க்கு என்ன பொருள்? பழைய பாணி ஹம்பக்கர்களில் வழக்கமாக இருப்பது 42 கேஜ் கம்பி, தடிமன் 0.063 மில்லிமீட்டர். அதே சுற்றுகளை 0.05 மில்லிமீட்டர் உள்ள 44 கேஜில் சுற்றினால் 8 கிலோ ஓம் என்பது 12-ஐத் தாண்டிவிடும். அவுட்புட் அதனால் ஏறாது.

இந்த பிரிட்ஜ் பிக்கப்பில் கம்பியும் மெலிசு, சுற்றும் அதிகம். சுற்று இரட்டிப்பானால் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல், ஹென்றியில் அளப்பது) ஏறக்குறைய நான்கு மடங்காகும். 4 ஹென்றி பிக்கப்பை 3 மீட்டர் கேபிளோடு சேர்த்து மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், அதன் குரல் சுமார் 3,500 ஹெர்ட்ஸில் உச்சம் தொட்டு அதற்கு மேல் சரியும். 8 ஹென்றியானால் அந்த உச்சம் 2,500-க்கு இறங்கிவிடும். கிட்டாரின் கணீரென்ற தெளிவு இருப்பது அந்த இடைவெளியில்தான். அதனால்தான் இதைப் போட்டதும் சத்தம் பெருத்து, கார்டு வாசித்தால் கம்பளி போர்த்தினாற்போல் அமுங்குகிறது. ஆம்ப்பில் ட்ரெபிள் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறுகிறது.

அடுத்தது காந்தம். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு கலந்த உலோகம், மின்சாரம் கடத்தும். செராமிக் காந்தம் கடத்தாது. அடித்தகட்டின் 4 திருகுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மீட்டரை கன்டினியூட்டியில் (மின்சாரம் கடந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, காந்தத்தின் பக்கவாட்டில் இரு முனைகளையும் தொட்டால் தெரிந்துவிடும். நெக்கில் பீப் வந்தது. பிரிட்ஜில் வரவில்லை. செராமிக் கெட்ட காந்தம் அல்ல. கனமான டிஸ்டார்ஷனுக்கு அதையே விரும்பிக் கேட்பவர்கள் உண்டு. அல்னிகோ என்று எழுதிவிட்டு அதை வைப்பதுதான் தவறு.

மெழுகும் பிரிட்ஜில் இல்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினால் ஸ்பீக்கரில் டக் டக்கென்று கேட்கிறது. கெயின் ஏற்றி ஆம்ப் பக்கம் திரும்பினால் கீச்சென்று கத்துகிறது. சுற்று தளர்வாக இருந்து அதிர்வதுதான் காரணம். நாமே மெழுகில் ஊறவைப்பதானால் பாரஃபின் 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு. நாட்டு மருந்துக் கடையிலேயே தேன்மெழுகு கிடைக்கும். நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60–65 டிகிரியில் உருக்கி, குமிழி நிற்கும்வரை, சுமார் 15–20 நிமிடம் ஊறவிட வேண்டும். 70-ஐத் தாண்டினால் பாபின் (கம்பி சுற்றிய பிளாஸ்டிக் கூடு) நெளியும். ஆனால் மெழுகில் முக்கிய பிக்கப்பை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

இணைப்புப் படம் பெட்டிக்குள் இல்லை. இது சின்னக் குறையல்ல, ஏனென்றால் கம்பிகளின் நிறக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் போகும் கம்பி), பச்சை கிரவுண்ட், வெள்ளையும் சிவப்பும் சேர்த்து முறுக்குவது. டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேர்வது. தவறான படத்தைப் பார்த்துப் பற்றவைத்தால் ஒரு ஹம்பக்கருக்குள்ளேயே இரண்டு காயிலும் எதிரெதிராகி, சத்தம் ஒல்லியாகிவிடும். தனித்தனியாக நன்றாகக் கேட்டு, சுவிட்சை நடுவில் வைத்தால் மட்டும் மூக்கடைத்தாற்போல் இருந்தால், ஒரு பிக்கப்பின் ஹாட்டையும் கிரவுண்டையும் இடம் மாற்றினால் போதும். ஷீல்டுக் கம்பி (வெளி இரைச்சலைத் தடுக்கும் உறைக் கம்பி) மட்டும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும்.

அந்த ஷீல்டில்தான் மோசமான குறை. பிரிட்ஜ் பிக்கப்பின் அடித்தகட்டுக்கும் ஷீல்டுக் கம்பிக்கும் கன்டினியூட்டியே இல்லை. உள்ளே பற்றவைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும் ஓடுகிற மாரியம்மன் நோம்பி மேடையில் இது இரைந்துகொண்டே இருக்கும். ஹம்பக்கர் 50 ஹெர்ட்ஸ் ஹம்மைத்தான் அடக்கும். கிரவுண்ட் விட்டுப்போன இரைச்சலை அடக்காது. தந்தியைக் கையால் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கோளாறு ஷீல்டிலோ கிரவுண்டிலோதான். மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பது வேறு விஷயம்: அது மேடையின் எர்த் கோளாறு, அதைச் சரி செய்யாமல் வாசிக்கக் கூடாது.

பொருத்துவதிலும் தொல்லை உண்டு. கால்கள் நீளம், ஆழமில்லாத குழியில் அடியில் முட்டும். இரண்டு பிக்கப்பிலும் போல்களின் (தந்திகளுக்கு அடியில் வரும் ஆறு இரும்புத் துண்டுகளின்) வரிசை அகலம் 50 மில்லிமீட்டர்தான். ஸ்ட்ராட் வகை கிட்டாரின் பிரிட்ஜுக்கு 53 வேண்டும். பார்வைக்கு உறுத்தும், சத்தத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் பாட் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் உள்ள மாறு மின்தடை) எது என்று பார்க்கட்டும். ஜோடியோடு தருவது 250 கே (கிலோ ஓம்). ஹம்பக்கருக்கு 500 கே போட்டால் மேல் சுருதி கொஞ்சம் திரும்பும். டோன் கெப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட். பிறகு உயரம்: கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி, பிரிட்ஜுக்கு 1.6, நெக்குக்கு 2.4 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, அமுங்கும் பிக்கப்பைக் கால் சுற்றாக இறக்கிக்கொண்டே கேட்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகு நெக் பிக்கப் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. மெலடி வாசிக்க அதை வைத்துக்கொள்ளலாம். பிரிட்ஜைத் திருப்பி அனுப்புவதே சரி. அதனால் பெட்டி வந்த அன்றே மீட்டர் வைத்துப் பாருங்கள். கம்பியின் நீளத்தை வெட்டாதீர்கள். வெட்டியதைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.