குதிரைக்கான ஐஸ் ஜெல் பூட்: ஒன்பது மாதம் கட்டிப் பார்த்தபின்

என் பெண் குதிரைக்கு முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிந்து ஒன்பது மாதம் ஆகிறது, போன வாரம்தான் மெதுவான கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்கு, வந்தாள். இத்தனை நாளும் கட்டியது ஒரே ஜோடி பூட். முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்காலையும் மூடுகிற வகை, உள்ளே ஜெல் பைகள், வெளியே நியோபிரீன், மூன்று வெல்க்ரோ பட்டைகள்.

குளிர்ச்சி விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மெல்லிய ஈரத்துணி ஒன்றைச் சுற்றி அதன்மேல் இருபது நிமிடம் கட்டி எடுத்தால் கால் முழுக்க ஒரே சீராகச் சில்லென்று இருக்கும். காயம் பட்ட முதல் சில நாட்கள், காலைத் தொட்டாலே அவள் இழுத்துக்கொண்ட அந்த நாட்களில், வீக்கமும் சூடும் தணிய இது பெரிய உதவி. ஒன்று மட்டும், ஃப்ரீசரில் தட்டையாக வைத்தால் ஜெல் கல்லாக உறைந்து காலின் வளைவுக்குப் படியாது. நான் ஒரு பாட்டிலில் சுற்றி வைக்கிறேன்.

வெல்க்ரோதான் மோசம். நாலாவது மாதம் உலர்புல்லும் முடியும் ஒட்டிக்கொண்டு கீழ்ப்பட்டை பிடிக்காமல் போய், பூட் வழுகிக் குளம்பு வரை இறங்கிவிட்டது, அவள் மிரண்டு காலை உதறிய அந்த அரை நிமிடத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. ஆறிக்கொண்டிருக்கும் காலுக்கு அப்படி ஒரு உதறலே போதும். தயாரித்தவர்களுக்கு எழுதினேன், சுத்தமாக வைத்திருங்கள் என்பதோடு பதில் முடிந்தது. பூட்டைக் கட்டிவிட்டு லாயத்தை விட்டு நகராதீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது பெட்டியில் போட்டிருந்த வாசகத்தைப் பார்த்துத்தான்: குதிரை சீக்கிரம் வேலைக்குத் திரும்புமாம். குளிர் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், கிழிந்த நாரைப் பின்னாது. அங்கே முதலில் உருவாவது பலமில்லாத, தாறுமாறாகக் கிடக்கும் நார்கள். அவை வரிசைப்பட்டு உறுதியாக ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம், அதுவும் அளவாகச் சுமை ஏற்றினால்தான். ஆனால் சூடும் நொண்டலும் சில வாரத்திலேயே மறைந்துவிடும். ஆறிவிட்டது என்று நினைத்து ஏறி உட்காருவது அப்போதுதான், அதே இடம் மறுபடி கிழிவதும் அப்படித்தான்.

எங்கள் மருத்துவர் போட்ட கணக்கு இது. முதலில் லாயத்தில் ஓய்வு, தினம் இரண்டு முறை பத்து நிமிடம் கையில் பிடித்து நடத்துவது, நிலைமை பார்த்து வாரம் ஐந்து நிமிடம் கூட்டுவது. ஓய்வில் இருந்ததால் தானியத்தையும் குறைத்தோம். மூன்றாவது மாத ஸ்கேனுக்குப் பிறகு மேலே ஏறி வெறும் நடை. இன்னொரு ஸ்கேன் பார்த்துத்தான் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்), கெட்டியான சமதரையில், நேர்க்கோட்டில், முதலில் ஐந்தே நிமிடம். ஒவ்வொரு படிக்கும் அவள் தயாராக இருப்பதுபோலத்தான் தெரிந்தது, ஆனால் ஸ்கேன் இரண்டு முறை பொறுங்கள் என்றது. பொறுத்தோம்.

அப்புறம் இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை: பூட் கட்டி எடுத்த காலைத் தொட்டுப் பார்த்து நிலைமையை முடிவு செய்யக் கூடாது. சூடு இருந்தாலும் தெரியாது. நான் காலையில் எதையும் கட்டுவதற்கு முன், வேலைக்கும் முன், இரண்டு கால்களையும் விரலால் தடவி ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பூட் கட்டுவது வேலை முடிந்த பிறகுதான்.

வாங்கலாமா என்றால் வாங்கலாம், முதலுதவிக்கும் வேலைக்குப் பின்னாலும் நல்ல பொருள். காலின் நீளத்தை அளந்துவிட்டு வாங்குங்கள், எனக்கு வந்த அளவு முழங்கால் மடிப்பில் இடித்ததால் ஒரு சிறிய அளவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஜெல் பை இன்னொரு செட் இருந்தால் ஒன்று உறையும்போது மற்றது கட்ட ஆகும்.