பாசிக்குடாக் கடலடியில் ஓர் எண்ணெய்க் கப்பல்: சுழியோட்டச் சேவை பற்றிய மதிப்பீடு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் இயங்கும் ஒரு சுழியோட்ட நிலையத்துடன் கடந்த யூலையில் மூன்று நாள்கள் கடலுக்குச் சென்று வந்தேன். முதல் இரண்டு நாள்கள் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ற்’ என்ற மூழ்கிய எண்ணெய்க் கப்பலுக்கும், மூன்றாம் நாள் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவின் முருகைக்கற்பாறைகளுக்கும் அழைத்துச் சென்றார்கள். கப்பலுக்காக அவர்களிடம் மீண்டும் போவேன். புறாமலைக்கு அவர்களுடைய இப்போதைய ஒழுங்கில் போகமாட்டேன்.

அந்த நிலையத்தின் மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது, முதல் நாளே, ‘ஹேர்மிஸ்’ என்ற மூழ்கிய போர்க்கப்பலுக்கு இறங்கக் கேட்ட ஒரு குழுவுக்கு அவர்கள் மறுப்புச் சொன்னபோதுதான். 1942 ஏப்பிரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ஸை மூழ்கடித்தன, 307 பேர் இறந்தனர். அதே நாளில் தாக்கப்பட்டு மூழ்கியதுதான் பிரிட்டிஷ் சார்ஜன்ற். ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையோ 40 மீற்றர்தான். அந்தக் குழுவினர் எவ்வளவோ வற்புறுத்தியும், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும், அதற்குரிய தொழில்நுட்பப் பயிற்சி இல்லாதவர்களை அங்கே இறக்க முடியாதென்று நிலையப் பொறுப்பாளர் கடைசிவரை உறுதியாக நின்றார். எங்களிடமும் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்து, அண்மையில் எத்தனை முறை இறங்கினோம் என்று பதிவேட்டைப் புரட்டிக் கேட்ட பிறகே படகில் ஏற்றினார்.

எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ 25 மீற்றர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கும்போது முதலில் நீலத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பிறகு அந்த நீலத்துக்குள்ளேயே ஒரு பெரிய நிழல் மெல்ல வடிவெடுத்தது. அந்த ஆழத்தில் சிவப்பு நிறம் கண்ணுக்கு எட்டுவதில்லை என்பதால் இரும்பு, பாசி, கடற்பஞ்சு எல்லாமே சாம்பலாகத் தோன்றின. வழிகாட்டி தன் விளக்கை ஒரு குழாயின் வளைவில் பிடித்தார். சாம்பலாக இருந்த பஞ்சு குங்குமச் சிவப்பாக எரிந்தது. அதற்குக் கீழிருந்த இடுக்கிலிருந்து ஓர் அஞ்சாளை வாயைத் திறந்து திறந்து மூடியபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே பாரை மீன்கள் கூட்டமாகச் சுற்றின. நீரழுத்தத்தால் அங்கே மேற்பரப்பைவிட மூன்றரை மடங்கு வேகமாக உருளையிலுள்ள காற்று செலவாகும். வழிகாட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருடைய அழுத்தமானியையும் தானே பார்த்தார். கப்பலின் உட்புறத்துக்குள் எவரையும் விடவில்லை. ஏறும்போது 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிறுத்தியே மேலே கொண்டுவந்தார்.

கப்பல் கிடக்கும் இடத்தை ஜிபிஎஸ் கருவி காட்டினாலும், எங்கள் படகோட்டி ஐயா கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து சரிபார்த்த பின்னரே நங்கூரத்தைப் போடச் சொன்னார். நீரோட்டம் எப்போது திரும்பும், எந்தப் பக்கம் கலவா மீன் தங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவ்வளவு அறிந்த மனிதர் பக்கத்திலேயே இருக்க, சுழியோட்டத்துக்கு முந்தைய விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் மட்டும் நடந்தது எனக்கு வருத்தமளித்தது. எங்களுடன் வந்த மட்டக்களப்பு இளைஞர் ஒருவர் கைச்சைகைகளின் பொருளை என்னிடம் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இது வெறும் மொழிப்பற்றுக்காகச் சொல்வதல்ல. சைகை புரியாதவர் நீருக்கடியில் ஆபத்தில் இருக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை, படகில் அவசர ஒட்சிசன் உருளை இல்லாதது. கேட்டபோது, அது கரையில் அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கரைக்குத் திரும்ப அரைமணி நேரம் ஆகிறது. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வரும் அழுத்த நோயின் அறிகுறி தென்பட்டவருக்கு உடனே தர வேண்டிய முதலுதவியே ஒட்சிசன்தான் என்னும்போது, இதை எந்தச் சமாதானத்தாலும் ஏற்க முடியாது. வாடகைக் கருவிகள் தூய்மையாக இருந்தன. ஒரு மிதவைச் சட்டையின் காற்றுப் பொத்தான் சிக்கியதைச் சொன்னதும் உடனே மாற்றித் தந்தார்கள்.

புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா. நுழைவுக் கட்டணம் பயணக் கட்டணத்தில் சேராது என்பதை நிலையத்தார் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். காலை பத்து மணிக்குக் கொண்டுபோய் இறக்கினார்கள். அதற்குள் தீவைச் சுற்றிப் படகுகள் நிறைந்துவிட்டன. மிதவை அங்கி அணிந்தவர்கள் களைத்த இடத்திலெல்லாம் முருகைக்கல்லின் மேலேயே கால் ஊன்றி நின்றார்கள். மான்கொம்பு போலக் கிளைத்த முருகைக்கல் ஒடிந்து வெள்ளைச் சல்லியாகச் சிதறிக் கிடந்த பரப்பின் மேல் நீந்தும்போது எனக்கு நெஞ்சு கனத்தது. சற்றுத் தள்ளி, ஆளில்லாத பக்கத்தில், கிளி மீன்கள் கல்லைக் கொறிக்கும் ஓசை காதில் விழுந்தது. கறுப்பு நுனிச் செட்டையுள்ள சுறாக்குட்டி ஒன்று ஆழமில்லாத நீரில் கடந்து போனது. காலை ஏழு மணிக்கே இறங்கியிருந்தால் இதையே நெடுநேரம் அமைதியாகப் பார்த்திருக்கலாம்.

கிழக்குக் கடல் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை சுழியோட்டத்துக்கு ஏற்றது. பல முறை இறங்கியவர்கள் அழுத்த நோயைத் தவிர்க்க, விமானமேற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பதால் கடைசி நாளைக் கரையில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். குறைகள் மூன்றையும் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் ஆண்டு அந்த எண்ணெய்க் கப்பலுக்கு மீண்டும் போகும்போது, ஒட்சிசன் உருளை படகில் ஏறியதைப் பார்த்த பின்னரே நானும் ஏறுவேன்.