அறுபதைத் தாண்டியவருக்குப் பழைய ரோடு சைக்கிள்: மூன்றில் எது?

ஒரே விலைக்கு மூன்று பழைய ரோடு சைக்கிள்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, 1980களில் செய்த எஃகு ஃபிரேம். இரண்டாவது, பத்து வயதான கார்பன் பந்தய சைக்கிள். மூன்றாவது, அதே வயதுள்ள அலுமினிய சைக்கிள். பந்தயத்துக்காக அல்லாமல், நெடுந்தூரம் நோகாமல் ஓட்டுவதற்கென்றே வடிவமைத்த ‘எண்டூரன்ஸ்’ வகை. முப்பது வயதுக்காரர் எதை எடுத்தாலும் சமாளித்துவிடுவார். அறுபதைத் தாண்டியவருக்கு அந்தச் சலுகை இல்லை.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சைக்கிளை ஒரு கையால் தூக்கிப் பார்க்கிறார்கள். எடை என் கணக்கில் கடைசியில்தான் வரும். வாங்கிய பிறகு மாற்ற முடியாதது எது என்பதுதான் முதல் கேள்வி. சீட், டயர், செயின், பெடல் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். கியரையும் ஓரளவு மாற்றலாம். ஆனால் ஃபிரேமின் அளவு, ஹேண்டில்பார் எந்த உயரம் வரை வரும், எவ்வளவு அகலமான டயர் நுழையும் ஆகிய மூன்றும் பணம் கைமாறும்போதே முடிவாகிவிடுகின்றன.

ஹேண்டில்பாரிலிருந்து தொடங்குவோம். பந்தய சைக்கிளில் அது சீட்டைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கும். குனிந்தபடி சாலையைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைப் பின்னுக்கு மடக்கியே தீர வேண்டும். தேய்மானம் கண்ட கழுத்து அரை மணி நேரத்திலேயே முறையிடத் தொடங்கும். உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்குவதால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். எண்டூரன்ஸ் ஃபிரேமில், அதே அளவில், ஹேண்டில்பார் தோராயமாக 20 முதல் 40 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். சற்றுக் கிட்டத்திலும் இருக்கும். எண் சிறியதுதான், ஆனால் முதுகுக்கு அது பெரியது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2004இல் ரூபே மாடலைக் கொண்டுவந்த பிறகு இந்த வகை பரவியது. ஜயன்ட் டிஃபை, கேனண்டேல் சினாப்ஸ், 2012இல் வந்த டிரெக் டொமானே எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

விற்பவர் அனுப்பும் படத்தில் முதலில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய இடம், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கு அடியில் இருக்கும் வளையங்கள். இரண்டு மூன்று வளையங்கள் இருந்தால் நல்லது. பந்தயக்காரர்கள், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்துக் குழாயை அறுத்துக் குட்டையாக்கி, ஸ்டெம்மை ஃபிரேமோடு ஒட்டி உட்கார வைத்துவிடுவார்கள். அப்படி அறுத்த குழாய் மறுபடி வளராது. ஸ்டெம்மை மேல்நோக்கிச் சாய்ந்ததாக மாற்றிக் கொஞ்சம் மீட்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபோர்க்கையே மாற்ற வேண்டும்.

இந்த ஓர் இடத்தில் பழைய எஃகு சைக்கிள் கார்பனை எளிதாக முந்துகிறது. அதன் ஸ்டெம் குழாய்க்குள் இறங்கி நிற்பது. ஒரு போல்ட்டைத் தளர்த்தி, அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாத அளவுக்கு உயர்த்திக்கொள்ளலாம். பின்பக்கத்தை 126 மில்லிமீட்டரிலிருந்து 130க்கு விரித்துப் புதிய சக்கரம் போடவும் எஃகு இடங்கொடுக்கும். அலுமினியத்திலும் கார்பனிலும் அந்த வேலையை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆனால் எஃகின் கியர் லீவர் பெரும்பாலும் ஃபிரேமின் கீழ்க்குழாயில் இருக்கும். கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் ஒரு கையை எடுத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். சமநிலை முன்போல இல்லாதவருக்கு, மேடு பள்ளமான சாலையில் இது விளையாட்டல்ல. பிரேக் பிடியிலேயே கியரையும் சேர்த்த ஷிமானோவின் அமைப்பு 1990இல்தான் வந்தது.

கியருக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய பந்தய அமைப்பில் முன்னால் சிறிய பல்சக்கரம் 39 பல், பின்னால் பெரியது 25 பல். பெடலை நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றத்தில் அந்த வேகம் கைகூடாவிட்டால் மிதி மந்தமாகி, பாரமெல்லாம் முழங்காலில் விழும். முன்னால் 34, பின்னால் 34 என்றால், அதே 60 சுற்றுக்கு ஏழரை கிலோமீட்டர் போதும். பத்து வயதான எண்டூரன்ஸ் சைக்கிளில் 34-32 கிடைப்பது அரிதல்ல. பந்தய சைக்கிளிலும் மாற்றலாம்தான். ஆனால் சிறிய பல்சக்கரங்களுக்கென்று செய்த பின் டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) பெரிய பல்சக்கரத்தை ஏற்காவிட்டால் செலவு கூடிக்கொண்டே போகும்.

இனி எடை. கார்பன் 8 கிலோ, அலுமினியம் 10 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுபவரையும் சேர்த்தால் மொத்தம் 85 கிலோ. ஒரு மணி நேர ஏற்றத்தில் அந்த இரண்டு கிலோவின் விலை ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். யாருக்கு அவசரம்?

கார்பன்மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. அடிபட்ட கார்பன் வெளியே காட்டிக்கொள்ளாது என்பதுதான் சிக்கல். பெயின்டுக்கு மேல் மயிரிழை போல ஒரு கோடு. அது கீறலா விரிசலா என்று நகத்தால் வருடிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நாணயத்தால் தட்டிச் சத்தம் கேட்பதையும் முழுக்க நம்பக் கூடாது. உற்பத்தியாளரின் வாழ்நாள் உத்தரவாதமும் பெரும்பாலும் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது. முதல் உரிமையாளரை நேரில் அறிந்தவராக இருந்து, சைக்கிளும் எண்டூரன்ஸ் வடிவம் என்றால் கார்பனையே எடுக்கலாம். முகம் தெரியாதவரின் பந்தய சைக்கிளுக்கு என் பட்டியலில் கடைசி இடம்தான்.

மின்மோட்டார் வைத்த பழைய ரோடு சைக்கிளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. பேட்டரியின் மிச்ச ஆயுளைச் சோதித்துத் தராதவரை அது தனிச் சூதாட்டம்.

ஆக, அலுமினியம் முதலிடம். அதிலும் சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்கா, அச்சில் பொருத்திய தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கா என்றால், பிடியில் வலு குறைந்தவர் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கையே தேட வேண்டும். இரண்டு விரல் அழுத்தம் போதும். டிஸ்க் ஃபிரேமில் 32 மில்லிமீட்டர் டயர் நுழைய வாய்ப்பு அதிகம். பழைய ரிம் பிரேக் ஃபிரேம் பல 25இலேயே நின்றுவிடும். அகல டயரில் காற்றழுத்தத்தைக் குறைக்கலாம் என்பதால் மணிக்கட்டுக்கு நிம்மதி. ஆரம்பகால டிஸ்க் சைக்கிள்களில் சக்கர அச்சின் அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பிறகு சக்கரம் மாற்றும்போது தேடி அலைய நேரும்.

அளவிலும் ஓர் எச்சரிக்கை. இளவயதில் 56 சென்டிமீட்டர் ஃபிரேம் ஓட்டினேன் என்ற நினைவை நம்பாதீர்கள். வயதோடு உயரம் குறைகிறது, இடுப்பு வளைந்துகொடுப்பதும் குறைகிறது. மேல்குழாய்க்கு மேலே காலைத் தூக்கிப் போட்டு, இறங்கி, மறுபடி ஏறிப் பாருங்கள்.

நேரில் போகும்போது ஸ்கேலும் ஆலன் கீயும் எடுத்துச் செல்லுங்கள். செயினில் 12 அங்குலத்துக்குள் அடங்க வேண்டிய கண்ணிகள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு என்றால் பின் பல்சக்கரமும் போய்விட்டிருக்கும். இதெல்லாம் விலையைக் குறைத்துக் கேட்கும் சங்கதி. சீட் தாங்கும் குழாய் அப்படியல்ல. போல்ட்டைத் தளர்த்தி, அதை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். துருவிலோ உப்பிலோ இறுகி அசையாமல் நின்றால், பேரம் பேசாமல் அடுத்த சைக்கிளைப் பார்க்கப் போய்விடுங்கள்.