திருமலையில் (திருகோணமலையில்) இருந்தபடியே கலை வரலாற்றில் முதுமாணி: செய்யலாமா?

பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிற நான் 2021இல் தொடங்கி 2023இல் இந்த மாஸ்டர்ஸ் பட்டத்தை முடித்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, முழுக்க ஒன்லைன். குறைகளும் எழுதப்போவதால் பெயர் போடவில்லை. நிறையப் பேர் கேட்கிறீர்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லது. இந்தப் படிப்பு எனக்குப் பார்க்கப் பழக்கியது. முதல் ஒப்படையே அதுதான்: ஒரு பொருளின் முன்னால் ஒரு மணித்தியாலம் நில், பிறகு கண்டதை மட்டும் எழுது, யார் செய்தது, எந்தக் காலம் ஒன்றும் வேண்டாம். நான் பிரட்றிக் கோட்டை வாசலுக்குப் போனேன். கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் அதற்குள்ளால்தான் போகிறோம், அங்கே பாண்டியரின் இரட்டை மீன் சின்னமும், கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னன் குளக்கோட்டனைப் பற்றிய கல்வெட்டும் இருப்பது திருமலையில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒரு நிமிடம் நிற்பவர்கள் குறைவு. பொழுதுபடும் நேரம் டோர்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த கோடுகள் நிழலாக எழும்பி வரும், வகுப்பில் சொல்லித்தந்த முறை அது. எழுத்துகள் விட்டு விட்டுத்தான் இருக்கின்றன. 'பறங்கி' (போர்த்துக்கேயரைத்தான் சொல்கிறது) என்பதை எழுத்தெழுத்தாகப் பிடித்தபோது உடம்பு சிலிர்த்தது. பூத்தட்டோடு போன ஓர் அம்மா நின்று, "என்ன பிள்ளை தேடுறாய், ஏதும் விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். அவருக்கும் வெளிச்சம் பிடித்துக் காட்டினேன். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த வாசல் கல்லைக் கோயில் கல்லாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம், ஒரு பொருள் யார் யார் கைமாறி எங்கே போய்ச் சேர்ந்தது என்று தேடும் பாடம். என்னைக் கேட்டால் அதற்கே கட்டணம் சரி. பிரிட்டிஷ் மியூசியத்தில் நிற்கும், பௌத்தப் பெண் தெய்வமான தாராவின் சிலை, 8ஆம் நூற்றாண்டு, பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்டிமீட்டர் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்தது. இலங்கையில் பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் அங்கே கொடுத்தார். விரிவுரையாளரின் ஸ்லைடில் 'இலங்கை' என்று மட்டும்தான் இருந்தது. நான் இந்தக் கரையில் இருந்துதான் பேசுகிறேன் என்று சொன்னதும் அந்த வகுப்பின் மிச்சம் முழுக்க அந்தச் சிலையைப் பற்றியே கதைத்தோம்.

இனிக் குறைகள். பாடத்திட்டத்தில் ஐரோப்பாவே மாதக்கணக்கில் ஓடும், தெற்காசியாவுக்கு இரண்டே வாரம். மேற்பார்வையாளர் பதில் போட ஆறு வாரம்கூட எடுத்திருக்கிறார். வகுப்பு எங்கள் நேரப்படி இரவு பதினொன்றரைக்கு. பட்டம் கிடைத்த கையோடு நூலக அனுமதியை வெட்டிவிடுகிறார்கள், அதனால் தேவையான கட்டுரைகளை முன்பே இறக்கி வையுங்கள். கட்டணம் டொலரில். 2022இல் டொலர் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியபோது இரண்டாம் வருடக் காசுக்கு நகை அடகு வைத்தேன். கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் வரை நின்ற காலமும் அதுதான், போன் டேட்டாவில்தான் வகுப்பு கேட்டேன்.

ஆய்வேட்டுக்கு 1950இல் கிணறு வெட்டும்போது வெளிவந்த கோணேசர் கோயில் வெண்கலங்களை எடுத்தேன். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை எப்படி விவரிப்பது என்றுதான் படிப்பு சொல்லித்தந்தது. இங்கே பட்டும் மாலையும் சாத்தி, பூசை நடக்கிற சாமி. அளவு எடுக்க முடியாது, பக்கத்தில் போக முடியாது. மேற்பார்வையாளர் வேறு தலைப்புப் பார்க்கச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். வழிபாட்டில் இருக்கும் சிலையை எப்படிப் பார்ப்பது என்பதே மூன்றாம் அத்தியாயம் ஆகியது, நல்ல புள்ளியும் அதற்குத்தான் கிடைத்தது.

என் மதிப்பீடு 5க்கு 4. சம்பள உயர்வுக்காக மட்டும் செய்ய நினைத்தால் வேண்டாம், காசும் நித்திரையும் போய்விடும். உங்கள் ஊரில் கண்ணை உறுத்துகிற கல்லோ சிலையோ ஒன்று இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். காசு கட்டமுதல், அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஏற்பார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் பிந்திக் கேட்டு இரண்டு மாதம் பயந்துகொண்டு இருந்தேன். பாடத்திட்டம் பார்க்க விரும்பினால் கேளுங்கள், அனுப்புகிறேன்.