உப்புத் தண்ணியில் குளித்துவிட்டு கொலோன் போடுகிறவர்களுக்கு: சந்தன சோப்பா, பாடி வாஷா?

இருபது வருஷமாக சந்தன சோப்பு போட்டுக் குளித்த ஆள் நான். போன கோடையில் எலுமிச்சை வாசனையுள்ள கொலோன் ஒன்று வாங்கினேன், அதிலிருந்துதான் சிக்கல் ஆரம்பித்தது. காலையில் தண்டையார்பேட்டையில் வீட்டில் அடித்துக்கொண்டு கிளம்பினால், பீச் ஸ்டேஷனில் இறங்கும்போதே எலுமிச்சை போய், மூடி வைத்திருந்த சோப்பு டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாசனைதான் சட்டைக்குள் இருந்து வந்தது. கொலோன் போலியோ என்றுகூட நினைத்தேன். இல்லை, சரக்கு நல்ல சரக்குதான். இப்போது ஆறு மாதமாக பாடி வாஷுக்கு மாறிவிட்டேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

விலை, வசதி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோப்பு மலிவு, நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு கட்டி ஓடும். பாடி வாஷ் பாட்டில் சீக்கிரம் தீரும், பிளாஸ்டிக் குப்பையும் சேரும். இதில் சோப்புக்கே என் ஓட்டு.

வாசனைக்கு வருவோம். நம்ம வீடுகளில் காய்ச்சல் வந்தால் ஈரத்துணியில் ஊற்றி நெற்றியில் போடுவார்களே ஓடிகோலன், அதுதான் கொலோன். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரினா என்ற இத்தாலியரின் குடும்பம் 1709-இல் தொடங்கிய கடையிலிருந்து பரவிய சரக்கு, பெயருக்கே ‘கொலோன் தண்ணீர்’ என்றுதான் அர்த்தம். அதில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம்தான், மீதி ஆல்கஹாலும் தண்ணீரும். ஓ டி பர்ஃப்யூம் என்று விற்கிறார்களே, அதில் 15-க்கு மேலே இருக்கும். அது எந்த சோப்பையும் அமுக்கிவிடும், கொலோனால் முடியாது. அதிலும் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் மாதிரி வாசனைகள் முதலில் ஆவியாகிப் பறந்துவிடும், சந்தனமோ கடைசி வரை ஒட்டிக்கொண்டிருக்கிற ஜாதி. அதனால் மதியம் நம்ம மேல் மிச்சம் இருப்பது காசு கொடுத்து வாங்கிய கொலோன் இல்லை, சோப்பு.

ஆனால் இது மட்டும்தான் காரணம் என்றால், கழுவியதும் சோப்பு வாசனை பெரும்பாலும் போயிருக்கணுமே? எனக்கு ஏன் போகவில்லை? இங்கேதான் தண்ணீர் வருகிறது.

எங்கள் தெருவில் போர் தண்ணி வாயில் வைக்க முடியாது. மீஞ்சூர் பக்கமெல்லாம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது பழைய கதை, நம்ம பக்கமும் கடலோரம்தான். இந்தத் தண்ணியில் சோப்பு நுரைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் நுரைக்காத சோப்பு எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. சோப்பில் இருக்கிற கொழுப்பு அமிலம், தண்ணியில் இருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறிவிடுகிறது. பக்கெட்டின் உள்பக்கம் விரல் நகத்தால் சுரண்டினால் சாம்பல் வெள்ளையில் மெழுகு மாதிரி சுருண்டு வருமே, அதேதான். அது பக்கெட்டில் மட்டும் படியவில்லை, முழங்கையிலும் கழுத்திலும் படிகிறது. வாசனை எண்ணெய் கொழுப்பில் நன்றாக ஒட்டும் என்பதால், சோப்பின் வாசனையையும் அந்தப் பிசுக்கு பிடித்து வைத்துக்கொள்கிறது, அதன் மேல்தான் நாம் கொலோனை அடிக்கிறோம். டிஎஃப்எம் (சோப்பில் இருக்கிற மொத்தக் கொழுப்பின் அளவு) 76 சதவீதத்துக்கு மேல் இருக்கிற முதல் தர சோப்பு வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் அந்தக் கொழுப்புதான் பிசுக்காகிறது.

பாடி வாஷ் பெரும்பாலும் சோப்பே இல்லை, வேறு வகை நுரைப்பான். உப்புத் தண்ணியில் இப்படித் திரிந்து படியாது.

இதை நம்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தேன். இடது கையை சந்தன சோப்பு போட்டும், வலது கையை பாடி வாஷ் போட்டும் போர் தண்ணியில் கழுவி, காயவிட்டு, இரண்டிலும் ஒரே அளவு கொலோன். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரியிடம் எந்தக் கை எது என்று சொல்லாமல் நீட்டினேன். இடது கையை மோந்ததும், “ஏங்க, இதுல சென்ட்டே போடலையா, சோப்பு வாசனைதான வருது?” வலது கையில் எலுமிச்சை மெலிதாக இன்னும் இருந்தது. அடுத்த வாரம் குழாயில் உப்பில்லாத மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் விடுவது) வந்த அன்றைக்கு அதே சோப்பு, அதே கொலோன், அதே கைகள். இந்த முறை இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். இடது கையில் எலுமிச்சையும் சந்தனமும் சேர்ந்து உண்மையில் அழகாகவே இருந்தது. சோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பாடி வாஷ் என்றால் எல்லாமும் சரி என்று சொல்லவில்லை. கடல், ஸ்போர்ட் என்று நீல நிறத்தில் வருகிறவை சிலவற்றில் வாசனை தூக்கலாக இருக்கும், அது கொலோனோடு நேரடியாக மோதும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான், பாதியில் விட்டுவிட்டேன். மூடியைத் திறந்து மோந்தால் மெலிதாக மட்டும் வாசனை வருகிறதை எடுங்கள். எலுமிச்சைக் கொலோனுக்கு எலுமிச்சை வாசனை வாஷ் என்று தேடி அலைய வேண்டியதில்லை, வாசனை குறைவாக இருந்தாலே போதும்.

அப்புறம் சோப்பு காரத்தன்மை உள்ளது, பிஎச் 9, 10 என்று இருக்கும், தோல் 5 பக்கம். உப்புத் தண்ணியில் சோப்பு போட்டால் எனக்குத் தோல் வரண்டு இழுக்கும், வரண்ட தோலில் வாசனை சீக்கிரம் பறக்கும். இது என் தோலில் பார்த்தது, எண்ணெய்ப் பசை அதிகம் உள்ளவர்களுக்கு அவ்வளவு தெரியாமல் போகலாம். மண்ணடியில் கிடைக்கிற அத்தரோடு இரண்டே முறைதான் போட்டுப் பார்த்தேன், சந்தன சோப்பு அதற்கு இடைஞ்சலாகத் தெரியவில்லை. அதை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சோப்பை விட மனசு வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கம்போல போர் தண்ணியில் குளியுங்கள், ஆனால் சோப்பு போடுவதற்கு முன்னும், போட்ட சோப்பைக் கழுவும்போதும் மட்டும் குடத்தில் பிடித்து வைத்த மெட்ரோ தண்ணி நாலு நாலு சொம்பு ஊற்றுங்கள். பிசுக்கு பெருமளவு குறைகிறது. கோடையில் ஒரு குடம் தண்ணிக்கு வரிசையில் நிற்கிற வீட்டில் இதற்குச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் பாடி வாஷ். மழைக்காலத்தில் குழாயில் நன்றாக வருகிற நாட்களில் மட்டும் சந்தன சோப்பை எடுக்கிறேன்.