சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியா, கிளிநொச்சி நகரமா, யாழ்ப்பாண விடுதியா?

அக்காவின் மகளுக்குச் சாதாரண தரப் பெறுபேறு, அதாவது பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சைப் பெறுபேறு, வந்த அன்றிரவே வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. ஆறு ஏ, இரண்டு பி, ஒரு சி. பிள்ளைக்கு உயர்தரத்தில், அதாவது பல்கலைக்கழகம் போவதற்கான அடுத்த கட்டப் படிப்பில், பயோ (உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல்) படிக்க ஆசை. அக்கா இருப்பது பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம், கிளிநொச்சி மாவட்ட எல்லைக்குள். முன்னால் மூன்று வழி. இதுவரை படித்த, சிஸ்டர் ஒருவர் அதிபராக இருக்கும் சின்னக் கத்தோலிக்கக் கல்லூரியிலேயே இருந்துவிடுவது. பஸ் ஏறிக் கிளிநொச்சி நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போவது. அல்லது யாழ்ப்பாணத்தில் கன்னியர் மட விடுதியில் விட்டுப் படிப்பிப்பது. அத்தான் யாழ்ப்பாணம் என்று ஒற்றைக் காலில் நின்றார். அக்காவுக்கோ பிள்ளை இரவில் வீட்டில் படுக்க வேண்டும். என் மூன்று பிள்ளைகளையும் உயர்தரம் தாண்ட வைத்தவன் என்ற தகுதியில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று இடத்துக்கும் மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தான். கத்தோலிக்கக் கல்லூரி என்றால் காசு கட்டிப் படிக்கும் இடம், ஆசிரியர்களைப் பாதர்மாரே தேடிப்பிடித்துப் போடுவார்கள் என்று இன்னும் நம்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் காலம் 1960-61 உடன் போய்விட்டது. அந்த இரண்டு வருடச் சட்டங்களால் மிசன் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போல ஒரு சில மட்டும் தனியாக நின்றுகொண்டன. வன்னியில் வீதியோரம் ‘றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை’ என்று பலகை தொங்கினாலும், கிளிநொச்சி புனித திரேசா பெண்கள் கல்லூரி போலப் புனிதர் பெயர் இருந்தாலும், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் இடமாற்றம் கொடுப்பதும் அரசாங்கம்தான். மிஞ்சியிருப்பது பெயர், முற்றத்தில் மாதா சொரூபம், காலைச் செபம், பக்கத்துக் கோயில், பல இடங்களில் அதிபர் நாற்காலியில் ஒரு சிஸ்டர். இவற்றைச் சின்ன விசயம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை.

அந்தச் சின்னக் கல்லூரியை நல்லது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது ஏழரைக்கு முன் படலையடியில் நின்றால் தெரியும். முந்நூறு சொச்சம் பிள்ளைகள். சிஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து உள்ளே விடுகிறார். ஒரு பொடியனை மறித்து, “அப்பா ஆஸ்பத்திரியால வந்திட்டாரோ?” என்று கேட்டார். இன்னொரு பிள்ளையை ஒன்றும் கேட்காமல் நேரே சமையல் கொட்டிலுக்கு அனுப்பினார். தகப்பன் இல்லாத வீடுகளும் தாய் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளும் நிறைந்த ஊரில் இதன் பெறுமதி பெறுபேற்று அட்டவணையில் வராது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் இடைவிலகும் பிள்ளையை வீடு தேடிப் போய்க் கூட்டிவர ஒருவர் வேண்டும். அதைச் செய்கிற இடம் இது.

சமயம் பற்றி அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. நாங்கள் சைவம். மருமகள் பதினொரு வருடம் நெற்றியில் விபூதியோடுதான் அந்தச் செபத்தில் நின்றிருக்கிறாள். ஒருவரும் அழிக்கச் சொன்னதில்லை. ஆனால் சாதாரண தரத்தில் சமயம் கட்டாயப் பாடம் என்பதால், அங்கே சேர்க்க நினைக்கும் சைவப் பெற்றோர் சைவநெறிக்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கு முன்னால் ஒரு ஏயைக் காப்பாற்ற வேண்டும். மருமகளுக்கு அந்த ஒரு சி வந்தது எந்தப் பாடத்தில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் அதிபர் அறைக்குள் போனோம். சுவரில் நேரசூசி. பெரிய வெள்ளைத் தாள், அடிமட்டம் வைத்துக் கீறிய பெட்டிகள், நாளுக்கு எட்டுப் பாடவேளை. உயர்தர வகுப்பின் வரிசையில் இரசாயனவியலுக்கு நீல மையில் ஒரு பெயர். உயிரியலுக்கும் நீல மை. பௌதிகவியல் பெட்டிகளில் மட்டும் பென்சில். அழித்து எழுதி, அழித்து எழுதி, தாள் அந்த இடத்தில் நூலாய்த் தேய்ந்து பின்னாலிருந்த சுவரின் பச்சை தெரிந்தது. சிஸ்டர் மறைக்கவில்லை. “ஜனவரி இடமாற்றத்தில ஆள் தருகினம் எண்டு சொல்லியிருக்கினம். அதுவரைக்கும் கீழ்வகுப்பு சயன்ஸ் ரீச்சர் கிழமையில ரெண்டு நாள் பார்ப்பா.” ஆய்வுகூடத்தில் பௌதிக உபகரணங்கள் வந்த பொலித்தீனோடேயே அலுமாரியில் இருந்தன. பயோ வகுப்பில் மொத்தம் நாலு பிள்ளைகள். நாலு பேருக்கு ஒரு ஆசிரியர் என்றால் சொர்க்கம்தான், ஆசிரியர் இருந்தால்.

இது சிஸ்டரின் பிழை இல்லை. வன்னிக்கு நியமனம் கிடைத்து வரும் ஆசிரியர்களில் பலர் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். ஒன்றரைக்கு மணி அடித்தால் அவர்களுக்கு அடுத்த பஸ்ஸில்தான் கண். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்ததும் மாற்றம் கேட்பார்கள், யாராய் இருந்தாலும் கேட்பார்கள்தானே. பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று பேர் இருப்பதால் ஒருவர் போனால் தாங்கும். சின்ன இடத்தில் ஒருவர் போனால் பாடமே போய்விடும். நான் உயர்தரம் படித்த இடத்திலும் இதுதான் நடந்தது. இரண்டாம் வருடம் முழுக்கக் கணிதத்துக்கு ஆள் இல்லை. பழைய வினாத்தாள்களை நாங்களே ஒருவருக்கொருவர் படிப்பித்தோம். முடிவு என்னவென்று என் தொழிலைப் பார்த்தாலே தெரியும்: நெல் வியாபாரம்.

கிளிநொச்சி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் படலையடியில் எங்களை யாரும் யார் என்று கேட்கவில்லை. அதுவே ஒரு தகவல். பயோ வகுப்பில் நாற்பதுக்கு மேல். ஆனால் நேரசூசியில் மூன்று பாடத்துக்கும் மை. பின்னேரம் ரியூசன் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கிறது. பிரச்சினை வீதி. இருபது கிலோமீற்றர் அளவில்தான் என்றாலும் காலை ஆறேகாலுக்கு பஸ் பிடிக்க வேண்டும், ரியூசன் முடிந்து வர இருட்டிவிடும். சீசன் ரிக்கெட் அரசாங்க இ.போ.ச. பஸ்ஸில்தான் செல்லும், அது பிந்தினால் தனியார் பஸ்ஸுக்குக் காசு. மாரி காலத்தில் இரணைமடுக் குளத்து வான் கதவு திறந்துவிட்டார்கள் என்றால் அன்று பள்ளிக்கூடமா வீடா என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர்தரம் எழுத எண்பது வீத வரவு வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். படிப்பு திறம், ஒழுங்கு திறம். விடுதி துப்புரவாக இருந்தது. ஒவ்வொரு கட்டிலின் கீழும் பெயர் எழுதிய வாளி. ஆனால் அத்தான் கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. பயோ பிரிவுப் பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்ச ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எந்த மாவட்டம் என்று பார்ப்பது வீட்டு விலாசத்தை வைத்து அல்ல, பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை படித்த பள்ளிக்கூடத்தை வைத்து. உயர்தரம் முழுக்க யாழ்ப்பாணத்தில் படித்தால் பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு, வழக்கமாக அங்கே கூடுதலாக இருக்கும் வெட்டுப்புள்ளியோடு (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி) மோத வேண்டும். அங்கே படித்து மேலதிகமாக எடுக்கும் புள்ளி அந்த இடைவெளியை நிரப்புமா? மிகத் திறமான பிள்ளைக்கு நிரப்பும். ஆறு ஏ பிள்ளைக்கு நான் அந்தப் பந்தயம் கட்ட மாட்டேன். அத்தான் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விடுதிக் காசையும் கேட்டார். அதோடு யாழ்ப்பாணம் கழன்றது.

ஆகவே போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். கலைப்பிரிவு என்றால் நான் யோசிக்காமல் சிஸ்டரிடம் விட்டிருப்பேன். அங்கே தமிழுக்கும் புவியியலுக்கும் பக்கத்து ஊரிலேயே குடியிருக்கும் ஆசிரியர்கள் பத்து வருடமாக இருக்கிறார்கள். ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கிறீர்கள் என்றாலும் அங்கேதான். தொழினுட்பப் பிரிவு அங்கே இல்லவே இல்லை, ஆகவே பேச்சும் இல்லை. பயோ என்றால், பௌதிகவியல் பெட்டியில் மை இருக்கும் இடத்துக்குப் போ.

மருமகள் நகரத்துக்குப் போகிறாள். பஸ் தரிப்பிடம் வரை விடிய அத்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. தங்கச்சி எட்டாம் வகுப்பு, அவள் சிஸ்டரிடமே இருக்கிறாள். விலகல் சான்றிதழ் எடுக்கப் போனபோது சிஸ்டர் கோபிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, “பௌதிகத்துக்கு ஆள் வந்தா அறிவிக்கட்டோ?” என்று கேட்டார். வெளியே வரும்போது மருமகள் நேரசூசியை மறுபடி எட்டிப் பார்த்தாள்.

“மாமா, பென்சில் பேர் மாறியிருக்கு.”