பழைய அம்பாசிடர் வாங்க முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் வாடகைக் கார் ஓட்டியவர். மார்க் 2 அம்பாசிடர். குற்றாலம் சீசனில் ஒரே நாளில் இரண்டு நடை அடிப்பார். அந்த முன்கிரில்லை எங்கே பார்த்தாலும் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பொங்கல் கழிந்த வாரம் நண்பர் ஒருவர் போட்டோ அனுப்பினார்: கிரீம் கலர், 1973 மாடல். மறுநாளே பார்க்கப் போய்விட்டேன்.

விற்றவர் பழைய வண்டிகள் வாங்கி விற்பவர். பேர் சொல்ல விரும்பவில்லை. அவர் வண்டியைப் பற்றிப் பேசியதைவிட விலையைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "2014-ல அம்பாசிடர் உற்பத்தியையே நிறுத்திட்டாங்க, அண்ணாச்சி. 2017-ல அந்தப் பேரை மட்டும் 80 கோடிக்கு வித்தாங்க. வெறும் பேருக்கே அவ்வளவுன்னா வண்டிக்கு எவ்வளவு வரும்? இன்னைக்கு மூணரை லட்சம். அடுத்த வருஷம் ஆறுக்கும் கிடைக்காது." அவர் சொன்ன வருஷமும் தொகையும் உண்மைதான். ஆனால் ஒரு காரின் பேர் விலைபோனதற்கும், ஷெட்டில் நிற்கிற ஒரு வண்டியின் விலைக்கும் என்ன தொடர்பு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்ததாக, "50 வருஷம் தாண்டிட்டு, விண்டேஜ் பதிவு கிடைக்கும், கல்யாண வாடகைக்கு விட்டா ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துரும்" என்றார். 3,50,000 பேசி முடித்தோம். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார், கொடுத்தேன். எழுதித் தந்த தாளில் 1,20,000 என்றுதான் இருந்தது. "டாக்ஸுக்காகத்தான் அண்ணாச்சி" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பத்தாவது நாள் மேலப்பாளையத்தில் அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் காட்டினேன். எழுபது வயசு இருக்கும். பானெட்டைத் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இது டீசல் இன்ஜின்லா? எழுபத்து மூணுல அம்பாசிடருக்கு ஏது தம்பி கம்பெனி டீசல்? அது மார்க் 4-க்கு அப்புறம்தான் வந்துச்சு" என்றார். மார்க் 4 வந்ததே 1979-ல். விற்றவரோ என்னிடம் கம்பெனியிலேயே மாட்டின டீசல் இன்ஜின் என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றின் ஜெராக்ஸில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்றே இருந்தது. நான் அந்த வரியைப் படிக்கவில்லை. இன்ஜின் நம்பரும் பொருந்தவில்லை.

அப்புறம் பாய் பின் சீட்டைத் தூக்கினார். அடியில் நைசான சாம்பல் நிற வண்டல், விரல் கனத்துக்குக் காய்ந்து கிடந்தது. கதவின் உள்தகட்டிலும் அதே மண். காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தார், ஒட்டவில்லை. தகடு போன இடத்தை மறைக்கப் பூசுகிற பட்டிதான் முழுக்க. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை உடைத்து ஓடியது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் முங்கிய வண்டி என்று பாய் சொன்னார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வண்டி என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளத்தில் வீடும் பொருளும் போனவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த இறங்கின விலைக்கு வாங்கி, பட்டி அடித்து, ஏறின விலைக்கு என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை. வெள்ளத்தில் எல்லாம் இழந்த ஒரு குடும்பமும் இதில் ஏமாந்திருக்கிறது.

விண்டேஜ் கதையும் பொய். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் கடந்திருப்பதோடு சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை வாடகைக்கோ தினசரி ஓட்டத்துக்கோ எடுக்கக் கூடாது. கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்கு மட்டும்தான். கல்யாண வாடகை என்ற பேச்சே அங்கே எடுபடாது. இதெல்லாம் பணம் கொடுத்த பிறகு நான் படித்தது.

விற்றவரிடம் போய்க் கேட்டேன். "பழைய வண்டிக்கு யாரு கேரண்டி தாரா?" என்றார். வக்கீல் அந்த 1,20,000 தாளைப் பார்த்துவிட்டு, மீதிப் பணத்துக்கு என்ன சாட்சி இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. விற்றுவிடலாம் என்று மூன்று பேரிடம் காட்டியதில் அதிகம் கேட்டவர் 90,000 சொன்னார். ஏறுகிற விலையெல்லாம் கம்பெனி இன்ஜினும் பொருந்துகிற நம்பரும் உள்ள வண்டிக்குத்தானாம். மற்றவை இரும்பு விலைக்குத்தான் போகும் என்றார் அவர். விளம்பரத்தில் போடுகிற விலையும், கை மாறுகிற விலையும் ஒன்றில்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

போன வாரம் அதே ஷெட்டில் இன்னொரு அம்பாசிடர் நிற்கிறதாகக் கேள்விப்பட்டேன். பச்சைக் கலர், அதே "அடுத்த வருஷம் கிடைக்காது" பேச்சு. பார்க்கப் போகிறவர்கள் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், ஒரிஜினல் ஆர்.சி.யைக் கையில் வாங்கி இன்ஜின் நம்பரை ஒத்துப் பாருங்கள், பின் சீட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடவில்லை என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.